புது மைவி விலையில் பழைய எக்ஸ்5: வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பாடாங் செராயிலிருந்து கூலிம் போகும் சாலையில் செம்பனை லோரிகளுக்கும் தொழிற்சாலைப் பேருந்துகளுக்கும் நடுவே பழைய பி.எம்.டபிள்யூ எக்ஸ்5, மெர்சிடிஸ் எம்.எல், வால்வோ எக்ஸ்சி90 எல்லாம் இப்போது சர்வசாதாரணமாக ஓடுகின்றன. புதிதில் அரை மில்லியன் வெள்ளி அளவுக்கு விற்ற வண்டிகள். இன்றைக்கு ஒரு புது பெரோடுவா மைவிக்குக் கொடுக்கும் பணத்தில், அதாவது 50 ஆயிரம் வெள்ளிக்கு முன்பின்னாக, பத்துப் பதினைந்து வயது எக்ஸ்5 ஒன்றை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பி.எம்.டபிள்யூவின் எக்ஸ் வரிசை வண்டிகளை மலேசியாவில் பொருத்தும் இனோகோம் ஆலை நம் கூலிமில்தான் இருக்கிறது. இங்கே பொருத்திய வண்டி கோலாலம்பூரில் பத்து வருடம் ஓடிவிட்டு, மூன்றாவது கைக்கு மாறி, மறுபடி இங்கேயே வந்து சேருகிறது.

தோட்டத்தில் பிறந்தவனுக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பிடித்திருந்தால் வாங்கலாம். ஆனால் தினமும் வேலைக்கு ஓட்டப் போகிறீர்கள், சொகுசு வண்டி வாங்குவது இதுதான் முதல் தடவை என்றால், கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். வரிசைதான் முக்கியம்.

முதலில் மெக்கானிக், அப்புறம்தான் வண்டி

பெரும்பாலோர் வண்டியைப் பார்த்து, ஆசைப்பட்டு, முன்பணம் கட்டிவிட்டு, முதல் எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகுதான் பட்டறை தேடுகிறார்கள். ஊரில் இருக்கும் பட்டறைக்காரர் வீரா, வாஜா, மைவி, ஹைலக்ஸ் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். ஐரோப்பிய வண்டி வந்தால் அவர் கைத்திறன் எங்கும் போய்விடாது. கருவிதான் இருக்காது. எக்ஸ்5க்கு பேட்டரி மாற்றினால்கூட, புது பேட்டரி போட்டாயிற்று என்று வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். கியர் எண்ணெய் மாற்ற வேண்டுமென்றால் அதன் சூட்டை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே அளவு சரிசெய்ய வேண்டும். ஏர் சஸ்பென்ஷனைத் தொடுவதற்கு முன் கம்ப்யூட்டர் வழியாகக் காற்றை இறக்க வேண்டும். இந்த வசதி இல்லாத இடத்தில் உங்கள் வண்டி பரிசோதனை எலியாகிவிடும், அதற்கான செலவும் உங்களுடையது.

பாடாங் செராய்க்காரர்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், சுங்கைப்பட்டாணி மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கின்றன, கோண்டி வண்டி, அதாவது ஐரோப்பிய வண்டி மட்டுமே பார்க்கும் பட்டறைகள் அங்கே உண்டு. வண்டி தேடத் தொடங்குவதற்கு முன்பே ஒரு சனிக்கிழமை காலை இரண்டு மூன்று பட்டறைகளுக்குப் போய் வாருங்கள். பட்டறை முதலாளியான தவுக்கேயிடமோ தலைமை மெக்கானிக்கிடமோ நேராகப் பேசுங்கள். "அண்ணே, எக்ஸ்5 வாங்கலாம்னு இருக்கேன். வாங்கறதுக்கு முன்னாடி தூக்கிப் பார்த்துச் சொல்வீங்களா? கூலி கொடுத்துடறேன்" என்று கேளுங்கள். தயங்காமல் சரி என்று சொல்பவரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது: "இந்த மாடல்ல உங்ககிட்ட அதிகமா எது வருது?" கை வைத்த அனுபவம் உள்ளவர் வால்வ் கவர் கேஸ்கெட், வாட்டர் பம்ப், டிரான்ஸ்பர் கேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) என்று மளமளவென்று சொல்வார், விலையும் சொல்வார். "பி.எம்.டபிள்யூன்னா எல்லாம் வரும் தம்பி" என்று சிரித்துவிட்டு நகர்பவர் அந்த மாடலை அதிகம் பார்க்காதவர்.

நல்ல மெக்கானிக் எந்த மாடலைப் பார்க்கிறாரோ அந்த மாடலை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அவர் மெர்சிடிஸ் ஆள் என்றால் எக்ஸ்5 ஆசையை விட்டுவிட்டு எம்.எல். பாருங்கள். நிறத்துக்காகவும் நாற்காலித் தோலுக்காகவும் மாடலைத் தேர்ந்தெடுப்பவர்களைவிட இப்படித் தேர்ந்தெடுப்பவர்கள்தான் மூன்றாவது வருடமும் அதே வண்டியை ஓட்டுகிறார்கள்.

இன்னொன்று. வண்டி பட்டறையில் ஒரு வாரம் நிற்கும், பாகம் சிங்கப்பூரிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வர வேண்டியிருந்தால் இன்னும் இழுக்கும். அந்த நாட்களில் வேலைக்கு எப்படிப் போவீர்கள்? எக்ஸ்5 வந்துவிட்டதென்று வீட்டில் இருக்கும் ஈ.எக்ஸ்.5 மோட்டார் சைக்கிளை விற்றுவிடாதீர்கள்.

வருடக் கணக்கை எழுதிப் பாருங்கள்

சாலை வரியில் நல்ல செய்தியும் உண்டு. தீபகற்ப மலேசியாவில் பெரிய இயந்திரம் உள்ள எஸ்யூவிகளுக்கு அதே அளவு சலூன் கார்களைவிடக் குறைந்த வரி. 2,000 சிசி என்றால் வருடத்துக்கு 440 வெள்ளி, 2,500 என்றால் 840, 3,000 என்றால் 1,640. அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 1.60 வெள்ளி. டொயோட்டா ஹாரியர் 2.4 வண்டிக்கு 729.60 வெள்ளி வரும், 2,979 சிசி எக்ஸ்5க்கு 1,606.40, 3,498 சிசி எம்.எல்.350க்கு 2,436.80. அதே 3,498 சிசி இயந்திரம் சலூன் காரில் இருந்தால் 4,371 வெள்ளி கட்ட வேண்டும். ஆக, சாலை வரியைக் கண்டு பயப்படுவது பாதி வதந்திதான்.

காப்புறுதிதான் கவனிக்க வேண்டிய இடம். என்.சி.டி எனும் தள்ளுபடி வண்டியோடு வராது, உரிமையாளரோடு போகும். ஐந்து வருடம் கோரிக்கை வைக்காதவருக்கு 55 விழுக்காடு வரை கிடைக்கும். பழைய மைவியை விற்றுவிட்டு அதன் என்.சி.டியைப் புது வண்டிக்கு மாற்றினால் பிரிமியம் பாதியாகும். மைவியை மனைவிக்கு வைத்துக்கொண்டு எக்ஸ்5ஐ இரண்டாவது வண்டியாக வாங்கினால், அதற்குப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வண்டி எண்ணை வைத்து விலை கேட்டுவிடுங்கள். பதினைந்து வயதைத் தாண்டிய வண்டிக்கு முழுக் காப்புறுதி தரத் தயங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

பலருக்குத் தெரியாத ஒன்று பெட்டர்மென்ட். விபத்தில் பழைய பாகத்துக்குப் பதில் புதுப் பாகம் போட்டால், வண்டியின் வயதைப் பொறுத்து அந்தப் பாகத்தின் விலையில் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும். ஐந்து வயதில் 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து வயதிலும் அதற்கு மேலும் 40 விழுக்காடு. ஒரு பேச்சுக்கு, முன்விளக்கு ஒன்று 6,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 2,400 உங்கள் கையிலிருந்து போகும். மைவியில் இது தெரியாது, ஏனென்றால் விளக்கின் விலையே சில நூறுதான். இந்தச் சுமையை நீக்கும் கூடுதல் பாதுகாப்பு சில நிறுவனங்களில் உண்டு, வண்டி வயதுக்கு வரம்பு இருக்கும். கேட்டுப் பாருங்கள். வெள்ளத்துக்கான 'ஸ்பெஷல் பெரில்ஸ்' பாதுகாப்பையும் கண்ணாடிக்கான பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செம்பனை லோரிக்குப் பின்னால் ஓட்டுபவருக்குக் கண்ணாடிப் பாதுகாப்பு ஆடம்பரம் இல்லை.

பெட்ரோல்: மூன்று லிட்டர் பெட்ரோல் எஸ்யூவி கலப்பு ஓட்டத்தில் 100 கிலோமீட்டருக்கு 12, 13 லிட்டர் குடிக்கும். கூலிம் ஹைடெக் பார்க் வரை போகிறவருக்கு இது தாங்கக்கூடிய செலவு. பினாங்குப் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸுக்கு தினமும் போகவர நூறு கிலோமீட்டர் ஓடுபவர் மாதத்துக்கு 300 லிட்டரைத் தொட்டுவிடுவார். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 எனும் பெட்ரோல் மானியத் திட்டத்தில் 1.99 வெள்ளி விலைக்கு அப்போது வைத்த மாத வரம்பும் அதே 300 லிட்டர்தான். வாங்கும் நேரத்தில் வரம்பு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். டர்போ இயந்திரம் என்றால் பெட்ரோல் மூடியின் உட்புறம் எந்த ரோன் (பெட்ரோலின் தர எண்) என்று எழுதியிருக்கும், அதையும் பாருங்கள். டீசல் எஸ்யூவி சிக்கனம் என்ற பழைய பேச்சு 2024 ஜூன் 10 அன்று முடிந்துபோனது. தீபகற்பத்தில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே இரவில் 3.35 ஆனது.

கடைசியாகக் கையிருப்பு. வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் தனியாக வைத்திருங்கள் என்பது என் கருத்து. கையில் 60 ஆயிரம் இருந்தால் 45 ஆயிரத்துக்கு மேல் வண்டி பார்க்க வேண்டாம். விலை இறங்கியது வண்டிக்கு மட்டும்தான். அதன் பாகங்கள் இன்னமும் அரை மில்லியன் வெள்ளி வண்டியின் பாகங்கள்.

எந்த வண்டி?

புதியவர் ஒருவர் என்னிடம் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு டொயோட்டா ஹாரியர் என்பேன். முதல் இரண்டு தலைமுறை ஹாரியரும் லெக்சஸ் ஆர்.எக்ஸும் ஒரே வண்டிதான், ஜப்பானில் ஹாரியர் என்று விற்றார்கள். 2.4 லிட்டர் ஹாரியரில் இருக்கும் 2ஏ.இசட் இயந்திரம் எஸ்டிமா, அல்பார்ட், கேம்ரி எல்லாவற்றிலும் வந்தது. அதனால் லூனாஸில் இருக்கும் சாதாரணப் பட்டறைக்கும் அது தெரிந்த முகம். வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் அரைவெட்டுக் கடைகளில் பாகம் குவிந்து கிடக்கும். எண்ணெய் குடிக்கும் பழக்கம் மட்டும் உண்டு, டிப்ஸ்டிக்கை அடிக்கடி பார்க்க வேண்டும். 3.5 லிட்டர் ஆர்.எக்ஸ்.350 இன்னும் சுகமானது, சாலை வரி 2,369.60 வெள்ளி. ஏர் சஸ்பென்ஷன் வைத்த ஹாரியரை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

"ஹாரியர் ஓட்டவா இவ்வளவு ஆசைப்பட்டேன்?" என்று கேட்பீர்கள். சரி, ஐரோப்பிய வண்டிக்கு வருவோம்.

எக்ஸ்5இன் இ70 தலைமுறை (2006 முதல் 2013 வரை) ஓட்டுவதற்கு இன்றும் அருமையான வண்டி. எண்ணெய்க் கசிவு வால்வ் கவரிலும் ஃபில்டர் ஹவுசிங்கிலும் வரும், மின்சார வாட்டர் பம்ப் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். இவை தெரிந்த நோய்கள், மருந்தும் தெரியும். அடுத்து வந்த எஃப்15இல் எக்ஸ்டிரைவ்40இ என்ற பிளக்-இன் ஹைப்ரிட்தான் (மின்சாரம் ஏற்றிக்கொண்டு பெட்ரோலிலும் ஓடும் வண்டி) இப்போது எல்லோர் கண்ணையும் பறிக்கிறது. புதிதில் 4 லட்சம் வெள்ளிக்குப் பக்கத்தில் விற்றது, சாலை வரி வெறும் 438.80. ஆனால் பேட்டரி உத்தரவாதம் முடிந்த வயதில்தான் அது நம் கைக்கு வருகிறது. உயர் அழுத்த பேட்டரியின் நிலையைச் சோதித்துக் காட்டாத எந்த ஹைப்ரிட்டையும் வாங்காதீர்கள். வால்வோவின் எக்ஸ்சி90 டி8 ஹைப்ரிட்டுக்கும் இதே பேச்சுதான். 40இயில் இருக்கும் என்20 இயந்திரம் 2011 முதல் சில ஆண்டுகள் எக்ஸ்1, எக்ஸ்3லும் வந்தது. அதன் டைமிங் செயின் வழிகாட்டி பிளாஸ்டிக்கால் ஆனது, தேய்ந்து உடைந்தால் இயந்திரமே போகும்.

முதல் தலைமுறை எக்ஸ்சி90இல் 2.5 டர்போவை எடுக்கலாம், கியர்பாக்ஸ் ஐசின் நிறுவனம் செய்தது. அதே வண்டியின் பழைய டி6இல் வேறு கியர்பாக்ஸ், பெயர் கெட்டது. எம்.எல்.350இன் டபிள்யூ164 தலைமுறை என்றால் 2008க்கு முந்தைய எம்272 இயந்திரங்களில் பேலன்ஸ் ஷாஃப்ட் பல்சக்கரம் தேயும் குறை இருந்தது, இயந்திர எண்ணை வைத்து மெக்கானிக் சொல்லிவிடுவார். முதல் தலைமுறை போர்ஷே கெய்ன் வி8இல் குளிர்நீர்க் குழாய்கள் பிளாஸ்டிக், நம் ஊர் சூட்டில் வெடிக்கும். மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். ரேஞ்ச் ரோவர் பற்றி என்ன சொல்வது? அழகான வண்டி. முதல் சொகுசு வண்டியாக வேண்டாம்.

எங்கே வாங்குவது, எதைத் தொடவே கூடாது

ஃபேஸ்புக்கில் 'சம்போங் பாயார்' என்று வரும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். முன்பணம் 5 ஆயிரம், மாதம் ஆயிரத்துச் சொச்சம், எக்ஸ்5 உங்களுக்கு. வண்டி இன்னொருவர் பெயரில், கடன் இன்னொருவர் பெயரில், வங்கிக்குத் தெரியாமல் கைமாறுகிறது. இது சட்டப்படி செல்லாது. கடன் எடுத்தவர் மனம் மாறினாலோ, நீங்கள் கொடுத்த பணத்தை வங்கியில் கட்டாமல் விட்டாலோ, ஒரு நாள் காலை வாசலில் வண்டி இருக்காது. போலீசுக்குப் போனாலும் உங்கள் பெயரில் ஒரு தாளும் இல்லை. நம் தாமான்களில் இப்படிப் பணத்தை விட்டவர்கள் நிறையப் பேர். எவ்வளவு நெருங்கிய சொந்தக்காரர் கொண்டுவந்தாலும் வேண்டாம்.

வடக்கே இருப்பதால் லங்காவி வண்டிகளும் நம் கண்ணில் படும். கே.வி என்று தொடங்கும் எண் தட்டு. வரியில்லாத தீவில் பதிந்தவை, விலை மலிவு. சுங்கத் துறை அனுமதியோடு குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே தீபகற்பத்தில் ஓட்ட முடியும், தினசரி ஓட்டத்துக்கு உதவாது.

ரிகோன் வண்டி, அதாவது ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய வண்டி என்றால், அங்கத்திய ஏலத் தாளைக் கேளுங்கள். தரம் 4, 4.5 என்றிருக்கும். ஆர் என்று போட்டிருந்தால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்தது. தாளைக் காட்டினால் மட்டும் போதாது, சேசிஸ் எண்ணை வைத்து அதை உறுதிப்படுத்தும் வசதி இருக்கிறது. தயாரித்த ஆண்டும் மலேசியாவில் பதிந்த ஆண்டும் வேறாக இருக்கும், கெரானில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) இரண்டையும் பாருங்கள்.

விற்பனைக் கடையில் வாங்கினால் விலை கூடும், ஆனால் ஒரு பிடிமானம் உண்டு. பிரச்சினை வந்தால் 50 ஆயிரம் வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளிக் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். தனியாரிடம் வாங்கினால் அந்த வழி இல்லை. தனியார் வண்டியில் கடன் பாக்கி இருந்தால், வங்கியிடமிருந்து முழுத் தீர்வுத் தொகைக் கடிதத்தை வாங்கச் சொல்லி, அந்தத் தொகையை நேராக வங்கிக்கே கட்டுங்கள்.

தீபாவளிக்கு முன் வாங்கியே ஆக வேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டு போகாதீர்கள். விற்பவருக்கு அது முகத்திலேயே தெரிந்துவிடும்.

நேரில் பார்க்கும்போது

காலையில் போங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பலாம். குளிர்ந்த இயந்திரத்தைத் திருப்பும் முதல் சில நொடிகளில்தான் செயின் சத்தம், நீலப் புகை, நடுக்கம் எல்லாம் வெளியே வரும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே வண்டியைச் சுற்றி நடங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறதா? ஏர் சஸ்பென்ஷன் இரவில் காற்றை விட்டிருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரசர் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று காது கொடுங்கள்.

அடுத்தது டயர், இதைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் நான்கு டயரும் ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் வேறொன்று, அதுவும் பாதி மொட்டை என்றால் சுற்றளவு வேறுபட்டு டிரான்ஸ்பர் கேஸ் ஓயாமல் உழைத்துத் தேய்கிறது. அதன் செலவு நான்கு டயரின் விலையைத் தாண்டும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். உதறல் தெரிந்தால் அதுதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. தினமும் தோட்டச் சாலையில் ஓடுபவர் 20, 21 அங்குல ரிம் போட்ட வண்டியைவிட 18 அங்குல ரிம் வண்டியைத் தேடுவது நல்லது. லோரிகள் கிழித்துப்போட்ட குழிகளில் மெல்லிய டயர் தாங்காது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி பெரிய ஆபத்து. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் ஆயிரக்கணக்கான வண்டிகள் நீரில் நின்றன, அப்படிப்பட்டவை எல்லாம் இரும்புக் கடைக்குத்தான் போயின என்று நம்பிவிட முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேறு பட்ட கோடு அங்கேதான் நிற்கும். பின் பெட்டியின் அடியில் ஈரம், துரு, புது வாசனைத் திரவியத்தின் நெடி மூன்றும் கெட்ட சகுனம். எக்ஸ்5இல் பின் பெட்டி ஈரம் வெள்ளமாக இல்லாமல் கண்ணாடிக் கூரையின் வடிகால் அடைப்பாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஈரத்தில்தான் பேட்டரியும் சில மின்னணுப் பெட்டிகளும் உட்கார்ந்திருக்கின்றன.

பிறகு எல்லாப் பொத்தானையும் அழுத்துங்கள். வெட்கப்பட வேண்டாம். நான்கு கண்ணாடி, கூரை, நாற்காலி நினைவகம், பின்கதவு மோட்டார், குளிர்சாதனத்தின் இரு பக்கமும். ஓட்டிப் பார்க்கும்போது வானொலியை அணைத்துவிட்டு வேகத்தடை மேல் மெதுவாக ஏறி இறங்குங்கள். குறைந்தது அரை மணி நேரம், நெடுஞ்சாலையிலும் சேர்த்து ஓட்ட விடவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

பட்டறையில் தூக்கிப் பார்த்தல்

இப்போது முதல் படியில் கண்டுபிடித்த மெக்கானிக் வேலைக்கு வருகிறார். விற்பவர் மறுத்தால் அந்த வண்டி அத்தோடு முடிந்தது.

ஸ்கேன் என்றால் இயந்திரத்தை மட்டும் பார்ப்பதல்ல. கியர்பாக்ஸ், ஏபிஎஸ், சஸ்பென்ஷன், ஏர்பேக், டிரான்ஸ்பர் கேஸ் எல்லாவற்றின் கம்ப்யூட்டர் பெட்டிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பிழை எதுவுமே இல்லை என்று வந்தால் உடனே மகிழ வேண்டாம். சுயசோதனைகள் 'தயாரில்லை' என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்தான் பிழைகளை அழித்திருக்கிறார்கள். ஓடிய தூரமும் மீட்டரில் மட்டும் பதிவதில்லை. பல ஐரோப்பிய வண்டிகளில் வேறு பெட்டிகளிலும் பதிந்திருக்கும். மீட்டர் 98 ஆயிரம் காட்ட, கியர்பாக்ஸ் 2 லட்சத்து 10 ஆயிரம் என்றால் பேச்சே வேண்டாம். நிறுவன சேவை மையத்தில் பராமரித்த வண்டி என்றால் அங்கேயும் பழைய பதிவைக் கேட்கலாம்.

கியர் எண்ணெய் 'ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்' என்று விற்பவர் சொல்வார். கியர்பாக்ஸ் செய்த இசட்.எஃப் நிறுவனமே 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். மெக்கானிக் எழுதிக்கொடுக்கும் குறைப் பட்டியலைப் போல விலையைக் குறைக்க உதவும் தாள் வேறில்லை.

பெயர் மாற்றம்

போலீசின் மைபாயார் பிடிஆர்எம் செயலியில் சம்மன், சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) மைஜேபிஜே செயலியில் வண்டி விவரம், கருப்புப் பட்டியல் எல்லாவற்றையும் விற்பவரைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு வாகனப் பரிசோதனை மையத்தில் பி5 சோதனை, வங்கிக் கடன் என்றால் பி7 சோதனையும் வேண்டும். சொகுசு எஸ்யூவிகள் பி5இல் தோற்பது பெரும்பாலும் கண்ணாடிக் கருப்பால்தான். முன்கண்ணாடி 70 விழுக்காடும் முன்பக்க ஜன்னல் 50 விழுக்காடும் வெளிச்சம் விட வேண்டும், பின்னால் எவ்வளவு கருப்பு என்றாலும் பரவாயில்லை. சேசிஸ், இயந்திர எண்கள் கெரானோடு பொருந்த வேண்டும். பி5 தேறிவிட்டது என்பதால் இயந்திரம் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது, பரிசோதனை மையத்தில் பார்ப்பது வேறு. உங்கள் பெயரில் காப்புறுதி எடுத்து, இருவரும் ஜேபிஜேயில் கைரேகை பதித்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

வாங்கிய முதல் மாதம்

இயந்திர எண்ணெய், கியர் எண்ணெய், பிரேக் எண்ணெய், குளிர்நீர், பெல்ட், காற்று வடிகட்டி எல்லாவற்றையும் மாற்றி, அன்றைய தேதியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். செம்மண் புழுதியில் ஓடும் வண்டிக்குக் காற்று வடிகட்டியைப் புத்தகம் சொல்லும் தூரத்தில் பாதியிலேயே மாற்ற வேண்டியிருக்கும். சஸ்பென்ஷன் கைகளுக்கு நிறுவன முத்திரை போட்ட பெட்டியை வாங்க வேண்டியதில்லை. லெம்ஃபர்டர் போன்ற மூல உற்பத்தியாளரின் பெட்டியில் அதே தரம் குறைந்த விலைக்கு வரும். மின்னணுப் பெட்டிகளுக்கு அரைவெட்டுக் கடை, ரப்பர் புஷ்ஷுக்கும் வாட்டர் பம்புக்கும் எப்போதும் புதுசு. இணையக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் சென்சாரை நம்பாதீர்கள்.

காப்புறுதியில் இழுவை உதவி எத்தனை கிலோமீட்டர் வரை என்று பார்த்து, எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியை முன்சக்கரம் மட்டும் தூக்கி இழுக்க விடாதீர்கள், முதுகில் ஏற்றும் லோரிதான் வேண்டும் என்று அழைக்கும்போதே சொல்லுங்கள்.

அப்புறம் எலி. செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்த ஆந்தைக் கூடு வைக்கிறார்களே, அந்த எலிகள் இரவில் சூடான இயந்திர அறையைத் தேடி வரும், ஒயரைக் கடிக்கும். பி.எம்.டபிள்யூ ஒயர் கட்டு ஒன்றின் விலைக்கு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம். கோழித் தீவனம், நாய்ச் சோறு இவற்றை வண்டி நிற்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து புழுக்கையோ கடித்த துணுக்கோ கிடக்கிறதா என்று பாருங்கள். மூன்று நாளுக்கு மேல் ஓட்டாமல் நிறுத்தியிருந்தால் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.